ஆளுக்கு 50 தங்கக் காசு: ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. நிஜ இடைக்காலத்தை விட்டு எங்கே விலகுகிறது?

#1 – இருபதுமுகம்

இங்கிலாந்து, லெஸ்டர்ஷயர், 1332 மார்ச் 10. டிராகன் கிடையாது, மந்திரம் மிகக் குறைவு. இந்தக் களத்தில் ஒரு கேம்பெய்ன் (பல அமர்வுகளுக்கு நீளும் விளையாட்டுக் கதை) எழுதுகிறேன். விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைப் பாத்திர விளையாட்டின் (ஆர்.பி.ஜி.) 5ஆம் பதிப்பு (2014). முதல் காட்சி இப்படி:

முன்பின் அறிமுகமில்லாத ஐந்து பேர் ஒரு கிராமத்துச் சத்திரத்தில் வந்து தங்குகிறார்கள். கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, ஏல் (தானியத்தில் காய்ச்சும் மது). சுவரில் ஓர் அறிவிப்பு: "சாலைக் கொள்ளையரை ஒழித்தால் ஆளுக்கு 50 தங்கக் காசு." போய்ச் சண்டை போடுகிறார்கள். கொள்ளையர் பதுங்கியிருந்த இடிபாட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய நாணயம். திரும்பி வந்து கொள்ளையரின் வாள், கவசங்களை ஊர்க் கொல்லரிடம் விற்கிறார்கள்.

இதில் எது நடக்கும், எது நடக்காது? வரிவரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். வாள் எடை, கவச எடை பற்றிப் பேசித் தீர்த்தாயிற்று. சமூகம்தான் வேண்டும்.

#2 – ஓலைக்கணக்கு

முதல் வாக்கியத்திலேயே பெரிய சிக்கல் இருக்கிறது. "முன்பின் அறிமுகமில்லாத ஐந்து பேர்." மந்திரவாதி, குட்டிச்சாத்தான் எல்லாவற்றையும்விட இதுதான் இந்த வகை கேம்களின் பெரிய கற்பனை: யாருக்கும் சொந்தமில்லாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத, ஆயுதம் தாங்கிய மனிதன்.

அன்றைய இங்கிலாந்தின் பெரும்பகுதியில் 12 வயதைத் தாண்டிய சாதாரண ஆண்மகன் எவனும் ஒரு பதின்மர் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். டைதிங் என்று பெயர். ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடிவிட்டால் குழு அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் குழுவுக்கே அபராதம். (யார்க்‌ஷயர் முதலான வட மாவட்டங்களில் இந்த ஏற்பாடு இல்லை. லெஸ்டர்ஷயரில் உண்டு.)

குழுவில் இல்லாதவர்கள் யார்? நிலமுள்ள பெரியவர்கள், திருச்சபையார், பிறகு ஒரு பிரபுவின் வீட்டில் வேலைக்கு இருப்பவர்கள். இந்தக் கடைசி வகைக்குச் சட்டத்தில் இருந்த சொல்லுக்கு "கையால் ஊட்டப்படுபவன்" என்று பொருள். நாம் "அவன் சோற்றைத் தின்பவன்" என்கிறோமே, அதேதான். சோறு போடும் வீட்டுக்காரரே அவனுக்குப் பொறுப்பு.

ஐந்து பேரும் சத்திரத்துக்குள் நுழைந்தவுடன் எழும் கேள்வி "நீங்கள் யார்?" என்பதில்லை. "நீங்கள் யாருடைய ஆட்கள்?"

அடுத்தது தங்கல். 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டப்படி, மதில் சூழ்ந்த ஊர்களின் வாயில்கள் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை மூடியிருக்கும். ஊர்ப்புறத்தில் வெளியாளைத் தங்க வைப்பவர் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். இதைவிடப் பழைய வழக்கு ஒன்றும் உண்டு: முதல் இரவு அந்நியன், இரண்டாம் இரவு விருந்தாளி, மூன்றாம் இரவு முதல் வீட்டு ஆள். மூன்றாம் நாள் அவன் எவனையாவது குத்தினால் தங்க வைத்தவர் வம்பில் மாட்டிக்கொள்வார். ஆகவே உங்கள் ஐந்து பேரை எந்தக் கிராமத்தாரும் மூன்றாம் இரவுக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாகசங்களுக்கு இடையே ஓய்வு என்று ஊரில் ஒரு வாரம் படுத்துக் கிடப்பது நடக்காது.

#3 – களஞ்சியம்

சத்திரம் என்றே ஒன்று அந்தக் கிராமத்தில் இருக்காது. இன் என்பது நகரத்திலும் பெருவழியோரத்திலும்தான். கிராமத்தில் இருப்பது ஏல் காய்ச்சும் வீடு. பெரும்பாலும் ஒரு பெண், தன் வீட்டிலேயே காய்ச்சி, பானை தயாரானதும் வாசலில் ஒரு கழியை நீட்டி வைப்பார். ஊரால் அமர்த்தப்பட்ட ஏல் சுவைப்பவர்கள் வந்து தரம் பார்த்து விலையைச் சரிபார்த்த பிறகுதான் விற்பனை. ஹாப்ஸ் (கெடாமல் காக்கும் கசப்புப் பூ) சேர்க்காத பானம், சில நாளிலேயே புளித்துவிடும். அதனால் இந்த வாரம் ஒரு வீட்டில், அடுத்த வாரம் வேறு வீட்டில் என்று விற்பனை மாறிக்கொண்டே இருக்கும். இரவு தங்குவதென்றால் அந்த வீட்டின் ஒற்றைக் கூடத்தில், அடுப்பைச் சுற்றி, வைக்கோலில். நகரத்து இன்னிலும் ஒரே கட்டிலை முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். தனி அறைக்கும் கதவுப் பூட்டுக்கும் பெரிய செல்வம் வேண்டும்.

சாப்பாட்டில் இரண்டு பிழை. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டியவை. நம் ஊர்க் குழம்புக்கும் மிளகாய் அந்த வழியாகத்தான் வந்தது. இரண்டாவது, தேதி. 1332இல் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 19. அப்படியானால் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 4. உங்கள் காட்சி தவக்காலத்தின் முதல் வாரத்தில் நடக்கிறது. கோழி கிடையாது, முட்டை கிடையாது, பால், வெண்ணெய் கிடையாது. பட்டாணிக் கூழ், வெங்காயம், உப்பிட்ட ஹெர்ரிங், காய்ந்த மீன், முரட்டு ரொட்டி. கோழி கேட்கும் பிளேயரை அந்தப் பெண் பார்க்கும் பார்வையிலேயே ஒரு காட்சி எழுதலாம்.

#4 – வெள்ளிக்காசு

காசு விஷயத்துக்கு வருகிறேன்.

1332இல் இங்கிலாந்தில் புழங்கிய நாணயம் வெள்ளிப் பென்னி, சுமார் 1.4 கிராம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 240 பென்னி ஒரு பவுண்டு. பவுண்டுக்கும் ஷில்லிங்குக்கும் நாணயமே கிடையாது, கணக்குக்கு மட்டும்தான். மார்க் என்பதும் கணக்குத்தான்: 13 ஷில்லிங் 4 பென்னி, அதாவது 160 பென்னி. அரைப் பென்னி, கால் பென்னி வட்டக் காசுகள் முதலாம் எட்வர்டு காலத்தில், 1279–80 வாக்கில்தான் முறையாக வந்தன. அதற்கு முன் பென்னியையே இரண்டாக, நான்காக வெட்டிக் கொடுத்தார்கள்.

தங்கம்? மூன்றாம் ஹென்றி 1257இல் முயன்று தோற்றார். நோபிள் என்ற தங்கக் காசு 1344இல்தான் வந்தது, மதிப்பு 80 பென்னி. உங்கள் கதைக்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது.

இப்போது கேம் கணக்கு. 50 காசு ஒரு ராத்தல் என்பது விதி, ஆக ஒரு தங்கக் காசு சுமார் 9 கிராம். தங்கம் வெள்ளியைப் போல் 12 மடங்கு மதிப்பு என்று வைத்தால், ஒரு காசு ஏறத்தாழ 77 பென்னி. 50 காசு என்றால் 3,850 பென்னி, 16 பவுண்டு. 1278இல் முதலாம் எட்வர்டு, ஆண்டுக்கு 20 பவுண்டு நில வருமானம் உள்ளவர்கள் நைட் என்ற குதிரைவீரர் பட்டம் ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். ஒருநாள் சண்டைக்கு ஆளுக்கு ஒரு நைட்டின் ஆண்டு வருமானத்தை நெருங்கும் தொகையைக் கிராமம் கொடுக்கிறது! நாளுக்கு 2 பென்னி வாங்கும் கூலியாள் 250 நாள் உழைத்தால் 500 பென்னி. அவருக்கு இது ஏழரை வருடச் சம்பாத்தியம்.

விலைப்பட்டியலைத் தங்கக் காசிலிருந்து வெள்ளிக்கு மாற்றினால் மட்டும் சரியாகாது. பொருளுக்குப் பொருள் விகிதமே வேறு. கேமில் (10 செம்பு ஒரு வெள்ளி, 10 வெள்ளி ஒரு தங்கம்) சாதாரணக் கூலி நாளுக்கு 2 வெள்ளி, கோழி 2 செம்பு. ஒரு நாள் கூலிக்குப் பத்துக் கோழி வாங்கலாம். நிஜத்தில் 1315ஆம் ஆண்டு அரசாணை கோழிக்கு 1 பென்னி, லண்டனில் ஒன்றரைப் பென்னி என்று உச்சவரம்பு வைத்தது. கூலி ஒன்றரை முதல் 2 பென்னி. ஆக ஒரு நாள் உழைப்புக்கு ஒன்றிரண்டு கோழிதான். ஏலில் நேர்மாறு. கேமில் ஒரு கேலன் 2 வெள்ளி, முழு நாள் கூலி. நிஜத்தில் சுமார் 1 பென்னி, அரை நாள் கூலி.

வாள்? கேமில் லாங்ஸ்வோர்டு 15 தங்கம், கூலியாளின் 75 நாள். 1340களில் மட்டமான ஒரு வாள் 6 பென்னிக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று நான்கு நாள் கூலி. எட்டாத விலையில் இருந்தது கவசம்தான்: 1441இல் மிலான் நகரத்து ஆயத்தக் கவசம் ஒன்றின் விலை 8 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி, சரியாக 2,000 பென்னி. நாளுக்கு 12 பென்னி வாங்கும் கவசவீரனுக்கே 167 நாள் சம்பளம். கேமில் பிளேட் கவசம் 1,500 தங்கம், கூலியாளுக்கு 7,500 நாள். இரண்டு பக்கமும் கேம் மிகைப்படுத்துகிறது, வாளில் அதிகமாக.

#5 – கருக்குமட்டை

வெள்ளிக்காசு சொன்ன 1315 ஆணைக்கு ஒரு வால் உண்டு. அந்த வருடம் மழை கொட்டி விளைச்சல் அழிந்தது. 1315–17 பெரும் பஞ்சம் தொடங்கிய நேரம். உச்சவரம்பு போட்டதும் வியாபாரிகள் சரக்கைச் சந்தைக்கே கொண்டுவரவில்லை. அடுத்த ஆண்டே ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புத்தகத்தில் அச்சடித்த விலை எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் மாறாமல் நிற்பது கேமில் மட்டும்தான்.

ரொட்டியில் இன்னும் அழகான ஏற்பாடு. விலை மாறாது, எடை மாறும். கோதுமை விலை ஏறினால் அதே கால் பென்னி ரொட்டி சிறுத்துப்போகும். 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்குச் சட்ட அட்டவணை இருந்தது. பிளேயர்களிடம் "விலை ஏறிவிட்டது" என்று சொல்லாதீர்கள். "ரொட்டி போன மாதத்தைவிடச் சின்னதாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். ஊரில் என்ன நடக்கிறது என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

#6 – ஓலைக்கணக்கு

கொள்ளைப் பொருள். இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். உங்கள் வீரர்கள் மூன்று குற்றம் செய்கிறார்கள்.

ஒன்று, பிணங்கள். எந்த அசாதாரணச் சாவுக்கும் கொரோனர் என்ற விசாரணை அதிகாரி வர வேண்டும். அந்தப் பதவி 1194 முதல் இருக்கிறது. பிணத்தை முதலில் கண்டவர் கூக்குரல் எழுப்ப வேண்டும், பக்கத்து ஊர்க்காரர்கள் கூடி விசாரணைக் குழுவாக அமர்வார்கள். சாவுக்குக் காரணமான பொருள், அது கத்தியோ வண்டியோ பன்றியோ, மதிப்பிடப்பட்டு அரசுக்குப் போகும். கொன்றுவிட்டு நடையைக் கட்டினால் ஐவருமே தேடப்படும் குற்றவாளிகள்.

இரண்டு, கொள்ளையரின் வாளும் கவசமும். பெருங்குற்றவாளியின் அசையும் சொத்து மன்னருக்கு உரியது, அல்லது அந்த உரிமையை மன்னரிடம் பெற்ற பிரபுவுக்கு. எடுத்து விற்றால் மன்னர் சொத்தைத் திருடியதாகும்.

மூன்று, பெட்டி. உரிமையாளர் தெரியாத, மறைத்து வைக்கப்பட்ட பொன்னும் வெள்ளியும் புதையல், மன்னருக்கு உரியது. யார் கண்டெடுத்தார்கள் என்று விசாரிப்பதும் கொரோனர் வேலை, 1276ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியே இருக்கிறது. எதை வைத்துச் சந்தேகிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு குறிப்பு: ஒருவன் திடீரென்று நெடுநாள் மதுக்கடையே கதியென்று செலவு செய்தால் அவனைப் பிடி. லெவல் ஏறிய வீரர்கள் ஊர் திரும்பியதும் செய்யும் முதல் வேலை அதுதானே.

வாங்க ஆளும் இல்லை. ஊர்க் கொல்லர் செய்வது கொழுமுனை, லாடம், கதவுக்கீல். வாள் என்பது நகரத்துத் தொழில். லண்டனில் அலகு அடிப்பவர், கைப்பிடி போடுபவர், உறை தைப்பவர் என்று தனித்தனிக் கைவினைஞர்கள். பழைய வாளைக் கொண்டுவந்து நீட்டும் அந்நியனிடம் கொல்லர் கேட்கும் முதல் கேள்வி, "இது யாருடையது?"

#7 – பகல்விளக்கு

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாரும் வீட்டை விட்டே நகரவில்லை என்பது போல் இருக்கிறது. அது எதிர்த்திசைப் பிழை. யாத்ரீகர்கள், அறுவடைக்குப் போகும் கூலியாட்கள், வண்டிக்காரர்கள், பிச்சையேற்கும் துறவிகள், ஸ்காட்லாந்துப் போரிலிருந்து திரும்பும் வில்லாளிகள் என்று சாலையில் ஆள் நடமாட்டம் நிறையவே இருந்தது. ஆட்கள் நடமாடினார்கள் என்பதால்தானே 1388இல் கேம்பிரிட்ஜ் சட்டம் வந்தது: தன் வட்டாரத்தை விட்டுப் போகும் வேலையாளிடம் ஏன் போகிறான், எப்போது திரும்புவான் என்று எழுதிய முத்திரைக் கடிதம் இருக்க வேண்டும் என்று. யாரும் போகாத இடத்தில் போகாதே என்று சட்டம் எதற்கு?

அழுக்கு, நாற்றம், எல்லாரும் தண்ணீருக்குப் பயந்து ஏல் மட்டுமே குடித்தார்கள் என்பதும் கட்டுக்கதை. லண்டன் நகரம் 13ஆம் நூற்றாண்டிலேயே டைபர்ன் ஓடையிலிருந்து குழாய் போட்டு நகருக்குள் குடிநீர் கொண்டுவந்தது. பாரிஸில் குளியல் கூடம் நடத்துவோருக்குத் தனிச் சங்கமும் விதிமுறையும் இருந்தன.

இன்னொன்று. இந்த விதிகளில் மந்திரம் இருக்கிறது. குருமார் வகைக் கேரக்டர் உணவைப் படைத்துவிட முடியும் என்னும்போது நிஜ விவசாயம், நிஜ விலை எதற்கு?

#8 – ஓலைக்கணக்கு

பகல்விளக்கு சொல்வதை முதல் பாதிக்கு அப்படியே ஏற்கிறேன். ஆட்கள் நகர்ந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு நகர்ந்தார்கள்: இந்தத் திருத்தலத்துக்குப் போகும் யாத்ரீகன், இந்த மடத்துத் துறவி, இந்தப் பிரபுவின் வண்டிக்காரன். "எங்கே வேலை கிடைக்குமோ அங்கே" என்று ஆயுதத்தோடு சுற்றுபவனுக்குத்தான் இடமில்லை. 1328ஆம் ஆண்டு நார்தாம்ப்டன் சட்டம் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஆயுதத்தோடு நடமாடுவதையே தடுத்தது. அதே சமயம் வின்செஸ்டர் சட்டம் 15 முதல் 60 வயதுவரை ஒவ்வோர் ஆணும் வசதிக்கேற்ப வீட்டில் ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. வைத்திருப்பது கடமை, தூக்கிக்கொண்டு திரிவது குற்றம்.

#9 – களஞ்சியம்

மந்திர உணவு பற்றிய கேள்வி நல்ல கேள்வி, எண்ணைப் போட்டே பார்க்கலாம்.

அந்த மந்திரம் ஒரு தடவைக்கு 15 பேருக்கு ஒரு நாள் சோறு போடும். 5ஆம் லெவல் குருவுக்கு அந்த அளவு மந்திரம் நாளுக்கு இரண்டு. ஆக 30 பேர். நாட்டின் பசிக்கு இது ஒன்றுமில்லை. 1300 வாக்கில் இங்கிலாந்தின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் மேல். ஆனால் வேல்ஸில் ஹார்லெக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் எட்வர்டு 1283 முதல் 1289 வரை எட்டாயிரம் பவுண்டுக்கும் மேல் செலவிட்டுக் கட்டியது. அதன் நிரந்தரக் காவற்படை 30 பேர்தான்! அதில் 10 பேர் குறுக்குவில் வீரர். பாதிரியார், கொல்லர், தச்சர், கல்தச்சர் எல்லாம் அந்த முப்பதுக்குள் அடக்கம். ஒரே ஒரு 5ஆம் லெவல் குரு உள்ளே இருந்தால் அந்தக் கோட்டையைப் பட்டினி போட்டுப் பிடிக்கவே முடியாது. இடைக்காலப் போரில் பெரும்பகுதி கோட்டையைச் சூழ்ந்து பசிக்காகக் காத்திருப்பதுதான். மந்திரம் கிராமத்தை மாற்றாது, முற்றுகையை மாற்றிவிடும். கேம் உலகங்களில் கோட்டையும் இருக்கிறது, குருவும் இருக்கிறார், முற்றுகை மட்டும் பழையபடியே நடக்கிறது. அங்கேதான் உடைகிறது.

இனி கிராமத்தின் கணக்கு. மூன்று வயல் முறை, 15 ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர், ஐந்து பேர் குடும்பம். ஒரு பங்கு தரிசு, ஆக விதைப்பது 10 ஏக்கர். எளிதாக இருக்க எல்லாமே கோதுமை என்று கொள்வோம்.

ஏக்கருக்கு விதை 2 புஷல் (தானிய முகத்தல் அளவு), விளைச்சல் 8 புஷல். விதைத்ததைப் போல் நான்கு மடங்கு. அன்று அது கௌரவமான விளைச்சல்.
மொத்தம் 80 புஷல்.
தசமபாகம் 8. திருச்சபை விதையைக் கழிப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும்.
அடுத்த ஆண்டு விதை 20.
சாப்பாடு, ஆளுக்கு 8 வீதம் 40.
பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அங்கே அரைப்புக் கூலி சுமார் 2.
மீதி 10 புஷல். இதில்தான் வாடகை, துணி, உப்பு, இரும்பு, அபராதம் எல்லாம்.

அந்த வீட்டில் ஐந்து வீரர்கள் ஐந்து குதிரையோடு ஒரு வாரம் தங்குகிறார்கள். வேலை செய்யும் குதிரைக்கு நாளுக்கு நாலரைக் கிலோ ஓட்ஸ், புல் தனி. 35 குதிரை-நாளுக்கு 157 கிலோ, புஷலுக்கு 15 கிலோ என்றால் பத்துக்கு மேல். அந்தக் குடும்பத்தின் ஓராண்டு மிச்சத்தைக் குதிரைகளே தின்றுவிட்டன. அதுவும் மார்ச் மாதம், பழைய தானியம் கரைந்து புதியது வர ஐந்து மாதம் இருக்கும் நேரம். கொள்ளையரை ஒழிக்க வந்தவர்களைப் பார்த்து ஊர் ஏன் நடுங்குகிறது என்று இப்போது புரியும்.

கட்டுக்குடியானவர் என்றால் இத்தோடு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் உழைப்பு, மகளைக் கட்டிக்கொடுக்க ஒரு கட்டணம், குடும்பத் தலைவர் செத்தால் தொழுவத்தின் மிகச் சிறந்த மாடு பிரபுவுக்கு. அவர் "நானும் உங்களோடு வருகிறேன்" என்று கலப்பையைப் போட்டுவிட்டுக் கிளம்பும் காட்சி எழுதுவதானால், அவருக்குப் பின்னால் அந்த 15 ஏக்கரை யார் உழுவார், மேனர் (பிரபுவின் பண்ணை) நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வார் என்பதையும் எழுதுங்கள்.

#10 – இருபதுமுகம்

என் காட்சியில் ஒன்றுமே மிஞ்சவில்லை அண்ணே! அப்படியானால் 1332இல் ஆயுதம் ஏந்திய குழுவே இருக்க முடியாதா? சாகசம் என்று எதை வைத்து நடத்துவது?

#11 – வெள்ளிக்காசு

இருந்தது. உங்கள் லெஸ்டர்ஷயரிலேயே, அதே வருடத்தில். ஆஷ்பி ஃபோல்வில் ஊரின் ஃபோல்வில் சகோதரர்கள். நிலமுள்ள நல்ல குடும்பம். 1326 ஜனவரியில் கருவூல நீதிபதி ரோஜர் பெல்லர்ஸைக் கொன்றார்கள். 1332 ஜனவரியில், உங்கள் காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு, அரச நீதிபதி ரிச்சர்ட் வில்லோபியைக் கடத்தி 1,300 மார்க் மீட்புத்தொகை கேட்டார்கள். தலைவன் யூஸ்டஸ் ஃபோல்வில் கடைசிவரை தண்டிக்கப்படவே இல்லை. போருக்குப் போனால் மன்னிப்பு, ஆட்சி மாறினால் மன்னிப்பு. ஊர்ப்பேர் இருந்தது, உறவு இருந்தது, பெரிய இடத்து ஆதரவு இருந்தது. அதனால்தான் ஆயுதத்தோடு திரிய முடிந்தது. நிஜ இங்கிலாந்தில் கேமின் "பார்ட்டி"க்கு, அதாவது சாகசக் குழுவுக்கு, நெருங்கிய உருவம் இதுதான்.

அந்த 1,300 மார்க்கை எடை போடுங்கள். 2,08,000 பென்னி. தலா 1.4 கிராம் என்றால் சுமார் 290 கிலோ வெள்ளி. மூன்று பொதிக் குதிரை வேண்டும், எண்ணி முடிக்கக் கட்டம் போட்ட கணக்குத் துணியும் பல நாளும் வேண்டும். இன்வென்டரியில் ஓர் எண்ணாக எழுதிவிட்டு நகரும் தொகை இல்லை இது. அரசுக் கருவூலமே கணக்குக் குச்சியில்தான் வரவு வைத்தது: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அகலம். பிறகு குச்சியை நீளவாட்டில் பிளந்து ஆளுக்கொரு பாதி. இரண்டும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும். மேசையில் வைத்து விளையாட இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

#12 – ஓலைக்கணக்கு

சாகசத்துக்குக் காரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் கொள்ளை நடந்து திருடனைப் பிடித்து நிறுத்தாவிட்டால், பறிகொடுத்தவனுக்கு அந்த வட்டாரமே ஈடு கட்ட வேண்டும் என்கிறது வின்செஸ்டர் சட்டம். லெஸ்டர்ஷயரில் வட்டாரத்துக்கு வாப்பன்டேக் என்று பெயர். சந்தை ஊர்களுக்கு இடையிலான சாலையின் இரு புறமும் 200 அடிக்குப் புதரை வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் விட்ட இடத்தில் கொள்ளை நடந்தால் அந்த நிலத்துப் பிரபு பொறுப்பு. ஆக ஊருக்கும் பயம், பிரபுவுக்கும் பயம். கொள்ளையர் உயிரோடு பிடிபட வேண்டும், சாட்சியோடு. ஆளுக்கு 50 தங்கம் என்று எந்தச் சுவரிலும் எழுதி ஒட்ட மாட்டார்கள். வாசிக்கவும் ஆள் குறைவு. சந்தையில் கூவி அறிவிப்பார்கள்.

கொள்ளையன் தேவாலயத்துக்குள் ஓடிவிட்டால்? 40 நாள் அடைக்கலம் உண்டு. உள்ளே புகுந்து இழுக்கக் கூடாது. ஊரார் இரவும் பகலும் வெளியே காவல் இருக்க வேண்டும், தப்பவிட்டால் ஊருக்கு அபராதம். அவன் கொரோனர் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நாட்டை விட்டுப் போவதாகச் சத்தியம் செய்து, கையில் சிலுவையோடு பெருவழியை விட்டு விலகாமல் துறைமுகத்துக்கு நடக்கலாம். ஒரு முழு அமர்வுக்குச் சண்டையே இல்லாத பதற்றம் இதில் கிடைக்கும். இதை மீறியவர்களும் உண்டு: ஃபோல்வில் சகோதரர்களில் ஒருவர், டீ என்ற ஊரின் பங்குத்தந்தை ரிச்சர்ட், 1340களின் தொடக்கத்தில் தன் தேவாலயத்திலிருந்தே இழுத்துவரப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். வெட்டியவர்களுக்குத் திருச்சபை தண்டனை விதித்தது.

#13 – இருபதுமுகம்

திருத்திய காட்சி:

ஐவரும் ஒரே நைட்டின் வீட்டு ஆட்கள்: எழுத்தர், இரண்டு வில்லாளிகள், குதிரைக்காரன், அந்த நைட்டின் விதவைத் தங்கையின் பணிப்பெண். எஜமானரின் நிலத்தையொட்டிய சாலையில் புதர் வெட்டப்படவில்லை, அங்கே ஒரு கம்பளி வியாபாரி பறிகொடுத்திருக்கிறார். முத்திரைக் கடிதத்தோடு ஐவரும் கிராமத்துக்கு வருகிறார்கள். ஏல் கழி நீட்டிய வீடு, பட்டாணிக் கூழ், ஹெர்ரிங். இரண்டு இரவுதான் தங்க முடியும். வட்டாரத்தார் சேர்ந்து 5 மார்க் தருவதாகச் சொல்கிறார்கள், பாதிக் குச்சி எழுத்தர் கையில். கொள்ளையரில் ஒருவன் தேவாலயத்துக்குள் ஓடிவிடுகிறான். பெட்டி கிடைத்தால் கொரோனருக்குச் சொல்வதா, மறைப்பதா என்பதைப் பிளேயர்களிடம் விட்டுவிடுகிறேன்.

கடிதம் "1332 மார்ச் 10" என்று தொடங்குகிறது.

#14 – வெள்ளிக்காசு

5 மார்க் பொருத்தம். 800 பென்னி, 1.1 கிலோ, ஒரு பையில் அடங்கும். ஆளுக்கு ஒரு மார்க், கூலியாளின் 80 நாள். வாங்கும் கையும் கொடுக்கும் கையும் நடுங்கும் தொகை.

#15 – களஞ்சியம்

பணிப்பெண்ணைச் சேர்த்தது நல்லது. ஏல் காய்ச்சும் பெண்ணிடம் ஊர்ச் செய்தி கறக்க அவளால்தான் முடியும். அவளுக்கு விதிப்படி என்ன வகை என்று குழம்ப வேண்டாம், ரோக் (தந்திரக்காரர் வகை) என்று வைத்துவிடுங்கள்.

#16 – ஓலைக்கணக்கு

கடிதத்தின் தேதியை மட்டும் மாற்றுங்கள். இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கு மார்ச் 25இல்தான் மாறும், ஆக அவர்களுக்கு அது இன்னும் 1331. அந்த எண்ணையும் எழுத்தர் போட்டிருக்க மாட்டார். நம் கல்வெட்டுகளில் மன்னர் பெயரும் "யாண்டு ஆறாவது" என்றும் வருவது போல ஆட்சியாண்டும், பக்கத்தில் உள்ள திருநாளும்தான். மார்ச் 12 புனித கிரகோரியார் திருநாள், வியாழன். ஆகவே: "பாப்பரசர் புனித கிரகோரியார் திருநாளுக்கு முந்தைய செவ்வாய், மன்னர் எட்வர்டு, (நார்மன்) வெற்றிக்குப் பின் மூன்றாமவர், ஆறாம் ஆட்சியாண்டு."